மண்டபத்தில் உன் அம்மா கேட்ட கேள்வி

அன்பு மகன் கிருஷாந்தனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம், ஹந்தானையில் மழைதான் விட்டபாடில்லை. நீயும் அந்தக் கத்தார் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

திங்கட்கிழமை தங்கச்சி தர்ஷிகாவைப் பேராதனைக் கெம்பஸில் விடப் போனோம், புதுப் பிள்ளைகளுக்கான அறிமுக நிகழ்ச்சிக்குப் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். மூத்த மாணவர்கள் புதுப் பிள்ளைகளை வதைக்கிற பகிடிவதைச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு உன் அம்மா பயந்துபோயிருந்தாள். "எம் மனசுக்குச் சரியாப் படலன்னா புள்ளைய கையோட கூட்டிக்கிட்டு வந்துருவேன்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள் என்று தெரிந்து தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அந்த மண்டபத்தை நீ பார்க்க வேண்டும் மகன், அவ்வளவு பெரியது, கதிரையில் உட்காரவே எனக்குக் கூச்சமாக இருந்தது. தங்கச்சி படிக்கப்போகும் பீடத்துக்குத் தலைவரான பீடாதிபதி சிங்களத்திலும் இங்கிலீஷிலும் பேசிவிட்டு, பெற்றோர் ஏதாவது கேட்க விரும்பினால் கேட்கலாம் என்றார். பக்கத்தில் பார்த்தால் உன் அம்மா எழுந்து நிற்கிறாள்! "ஐயா, எம்புள்ளைய இங்க யாராச்சும் அழ வச்சா நான் எந்த வாசல்ல வந்து நிக்கணும்? எல்லாரும் கேக்க இப்பவே சொல்லுங்க" என்று தமிழிலேயே கேட்டாள். நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அவள் உட்காரவில்லை. மஸீனா என்ற விரிவுரையாளர், அக்குறணை ஊர்ப் பிள்ளையாம், ஒரு சொல் குறையாமல் அதைச் சிங்களத்தில் சொன்னார். உடனே முன்வரிசையில் ஒரு சிங்கள அம்மா எழுந்து தனக்கும் அதுதான் தெரிய வேண்டும் என்றார், பின்னால் இன்னொருவர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி மண்டபம் நிற்கிறது.

பீடாதிபதி மேடையிலிருந்து இறங்கி நேரே உன் அம்மாவிடம் வந்தார். "என் வாசலுக்கு வாங்க அம்மா" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பிறகு ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் துணையாக ஒரு மூத்த மாணவரைக் காட்டினார்கள். தங்கச்சிக்குக் கிடைத்தவள் கடுகண்ணாவைச் சிங்களப் பிள்ளை, தங்கச்சியின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அதோடும் உன் அம்மா விடவில்லை. அந்த வாசல் எது என்று கேட்டு, படியேறிப் போய்க் கதவைத் தட்டி, உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். "சரி, இருந்து படி" என்று தங்கச்சியின் தலையைத் தடவினாள். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இவள் இப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே மகன், வீடு வரும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே. முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அம்மாவுடன் பேசும்போது நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல் கெம்பஸில் என்ன நடந்தது என்று கேள். அவள் வாயாலேயே சொல்லட்டும், நானும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
அழகமுத்து