பென்சில் தொடாத முகம்

என் சுலோவுக்கு,

நீ போய் ஐந்து மாதமாகிறது. திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்து நம் ஸ்டுடியோவை நான் ஒரு வாரம்கூட மூடவில்லை. மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன், சொல்லு?

போன செவ்வாய்க்கிழமை வேதவல்லி வந்திருந்தாள். பெரியபாளையத்துப் பக்கத்துப் பெண். சில வருஷம் முன்பு முகமெல்லாம் அம்மைத் தழும்போடு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போட்டோ எடுக்க வந்தாளே, அவள்தான்.

அன்றைக்கு ஒரே விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுத்தேன். ஒரு கன்னம் வெளிச்சம், மறு கன்னம் இருட்டு. கண்கள் உயிரோடு விழுந்தன; தழும்புகளும் ஒன்றுவிடாமல் விழுந்தன. அவள் அப்பா கேட்டுக்கொண்டபடி, ஊசிபோல் சீவிய பென்சிலால் நெகட்டிவில் ஒவ்வொரு குழியையும் இரண்டு நாள் உட்கார்ந்து அடைத்தாய். பிரிண்ட்டைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

படம் வாங்க அவள் தனியாக வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, இது நான் இல்ல. நேர்ல பாத்தா அவுரு இன்னா நெனைப்பாரு?"

நீ நெகட்டிவை வெளியே எடுத்தாய். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, உன் இரண்டு நாள் வேலையைத் துடைத்துவிட்டு மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தாய். அதைத்தான் அவள் உறையில் வைத்து அனுப்பினாள்.

சம்பந்தம் கலைந்தது. அவள் அப்பா கடை வாசலில் நின்று கத்தினார்: "இன்னாம்மா பண்ணி வெச்சிகீற? எம் பொண்ணு வாழ்க்கைக்கு நீயா பதில் சொல்லுவ?" நானும் அவரோடு சேர்ந்து உன்னைத் திட்டினேன்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சி, குடுத்தேன். மூஞ்சி அதோடதுதானே?" என்று மட்டும் சொன்னாய். எத்தனை நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன்? நீ எண்ணினாயா?

அதே படத்தைப் பார்த்துத்தான் மறுவருஷம் அரக்கோணத்து மாப்பிள்ளை வந்தாராம். செவ்வாய்க்கிழமை அவரும் வந்திருந்தார், கையில் குழந்தையோடு. "அண்ணா, அக்கா எங்க?" என்றாள் வேதவல்லி. சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "அந்த போட்டோ இன்னும் என் பொட்டியிலதான் கீது சார்" என்றார் அவர்.

நீ செய்ததுதான் சரி, சுலோ. இதை நீ இருக்கும்போதே சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை?

மாலை போட உன் படம் வேண்டுமாம். "நரையெல்லாம் எடுத்துட்டு, கொஞ்சம் செவப்பா போட்டுடுங்க மாமா" என்கிறான் உன் தம்பி. முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் நரையும், கண்ணோரச் சுருக்கமும், சிரிக்கும்போது கோணிக்கொள்ளும் உதடும் இருந்தபடியே இருக்கும். இது என் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
தேவராஜ்