எந்தப் பக்கம் நின்றாள்?

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டு விஷயம் எதையும் இனி எனக்கு எழுதாதே என்று நீ சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பேச்சை இதுவரை மீறியதில்லை. இன்று மீறுகிறேன், பொறுத்துக்கொள். பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவாயோ என்று பயந்துதான், உறையின் பின்பக்கம் 'யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை' என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை.

நான் ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நம் வீட்டின் முதல் பட்டதாரி சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டிய, ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறாள். இன்று மட்டும் நாற்பத்திரண்டு காதுகள். வீட்டுக்கு வந்தால் அம்மாவோடுகூடப் பேசத் தெம்பு இருப்பதில்லை. அதற்கு அம்மா, "நீ எப்பப் பேசின, இப்ப அலுத்துப்போக?" என்கிறாள்.

போன மாதம் அப்பாவின் பட்டறையிலிருந்து ஆட்களை வருடாந்தரப் பரிசோதனைக்கு எங்களிடம் அனுப்பினார்கள். முன்பெல்லாம் யாரோ ஒருவர் பெட்டியோடு பட்டறைக்கே வந்து, எதிரில் உட்காரவைத்துச் சோதிப்பாராம். அப்பா வரிசையில் நின்றதைப் பார்த்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவரை வேறு யாரிடமாவது தள்ளிவிடப் பார்த்தேன். யாரும் கிடைக்கவில்லை.

அறையின் நடுவில் இருக்கும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றைக்கூட விடாமல் தூக்கினார். என் காதுக்கே கேட்காத மெல்லிய சத்தத்துக்கும் தூக்கினார். டப்பா மூடி அடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் நின்றவருக்கு இப்படி ஒரு காதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டு, பட்டன்மேல் விரலை மட்டும் வைத்து எடுத்தேன். உடனே விரலைத் தூக்கினார்.

அக்கா, அவர் என் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த வித்தை அது. தேறாவிட்டால் மெஷினிலிருந்து எடுத்து மூலையில் போட்டுவிடுவார்கள் என்று பயம். ஒன்பது வருஷமாக எல்லாத் தாளிலும் 'நல்ல காது' என்றுதான் எழுதியிருக்கிறது. நான் எழுந்து போய் அவர் நாற்காலியைச் சுவர் பார்த்துத் திருப்பிப் போட்டேன். வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி சிரித்தார். அதற்குப் பிறகு வெகுநேரம் விரல் எழவே இல்லை.

எங்கள் பாடத்தில் கேட்புக் குறையை மூன்றாகப் பிரிப்பார்கள். சத்தம் உள்ளே போகும் வழியில் தடை இருப்பது ஒரு வகை. குறும்பி அடைத்திருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம், செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கலாம். பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். உள்காதோ நரம்போ பழுதாவது இரண்டாவது வகை. பிறவியிலேயே வரலாம், காய்ச்சலில் வரலாம், சில மருந்துகளால் வரலாம், வயதாகி வரலாம், ஓயாத இரைச்சலாலும் வரலாம். போனது திரும்பாது. இரண்டும் சேர்ந்து இருந்தால் கலப்பு வகை. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்னக் கருவியை வைத்துச் சோதித்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். அதை வைக்கும்போது, குறும்பியாக இருக்கட்டும், வெறும் குறும்பியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இல்லை. இரண்டாவது வகைதான். வலது காதில் மிதமான குறை. மெஷின் பக்கமாக இருந்த இடது காதில் கடுமையான குறை.

இதே படங்களைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்து மூன்று வருஷம் படித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த மனிதர் ஒவ்வொரு சிரிப்புக்கும் கொஞ்சம் பிந்திச் சிரித்ததை நான் கவனிக்கவில்லை. அம்மா, "வேணும்கிறது மட்டும் கேக்கும் இந்த மனுஷனுக்கு" என்று திட்டும்போது நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இப்போது உன்னிடம் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இரைச்சலில் கெடும் காதுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகப் போவதில்லை. கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும். கனத்த குரல் கேட்கும், லாரி கேட்கும். பெண்களின் மெலிந்த குரல் பின்னாலிருந்து வந்தால், அந்தக் காதுக்கு அப்படி ஒரு குரல் இல்லவே இல்லை.

நீ எழுதிய கடைசிக் கடிதம் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் அவருக்கு இடது பக்கமாக நின்றதையும், அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்ததையும் எழுதியிருந்தாய். மூன்று முறை அப்பா என்று கூப்பிட்டாய். அவர் அசையவில்லை. நீ வந்த காரின் டிரைவர், பெரியவரே, சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்துங்க என்றதும், திரும்பிப் பார்க்காமலே சரி சரி என்று நகர்த்தினார். 'டிரைவருக்கு இருக்கும் மதிப்பு மகளுக்கு இல்லை' என்று அந்த இடத்தில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாய். நானும் அதை நம்பினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் இல்லாமல் கடிதத்தை ஒளித்துவைத்தேன். இந்த இரண்டு வருஷத்தில் பாதிப் பாவம் என்னுடையது.

அவருக்குக் கோபமே இல்லை என்று சொல்லமாட்டேன். நீ மாமாவைக் கட்டிக்கொண்டு போன புதிதில் உன் பேரைச் சொன்னாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். பிறகு அது எப்போது அடங்கியது என்று யாருக்கும் தெரியாது. நீ வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் எதிரில் உட்கார்ந்து, என் வாயைப் பார்க்கச் சொல்லி, நீ வந்துபோனதைச் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் உன்னைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் நின்னா?" என்றார்.

இடது பக்கம் என்றேன். அந்தக் காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

காதுக் கருவிக்கு அளவு எடுத்தாகிவிட்டது. ஓரளவுக்கு உதவும், பழைய காது வராது. அவர் பயந்தபடியே மெஷினிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குக் காரணமான பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். அவரும் நானும் ஒரே பஸ்ஸில் அலுத்துப்போய் வீடு திரும்புகிறோம். எல்லோர் பேச்சையும் அவருக்குத் திருப்பிச் சொல்லும் வேலையும் இப்போது எனக்குத்தான். வாயில்லாப் பூச்சி என்று எனக்குப் பேர் வைத்தாயே, இந்த வீட்டுக்கே வாய் இப்போது நான்தான். ஆனால் உன் பேச்சை மட்டும் நான் சொல்லி அவர் கேட்டால் போதாது.

வா அக்கா. குழந்தையையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போது வா. வாசலில் நின்று கூப்பிடாதே. நேராக அவர் முன்னால் போய் நில்.

என்றும் உன்
வாயில்லாப் பூச்சி