படி வெட்டிய வில், வெட்டாத வில்

பிப். 2, ஞாயிறு

காலையில் பனி. எட்டு மணிக்குமேல் காற்று. பாலகாட் டம்ப்பிலிருந்து, கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கம் கொட்டிப்போன மேட்டிலிருந்து, மணல் பறந்து வாயெல்லாம் நறநற.

புது வில் இரண்டையும் வில் செய்யும் ராஜப்பா நேற்று பெங்களூரில் கையில் கொடுத்துவிட்டார். "ரெண்டும் உங்க அளவுக்குச் செஞ்சதுதான் மேடம். வச்சு அடிச்சுப் பாருங்க, எது பிடிக்குதோ வச்சுக்கோங்க." பழைய நீள வில் ரயில் கதவில் மாட்டி விரிசல் விட்டதிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன். இரண்டையுமே கைப்பிடியில் கழற்றி இரண்டு துண்டாக்கலாம். பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டே வரலாம்.

ஒன்று: மூங்கில் தகடு, ஈட்டி மரக் கைப்பிடி. கைப்பிடிக்கு மேலே இடப்பக்கம், அம்பு உட்கார ஒரு சின்னப் படி வெட்டியிருக்கிறது. வலக்கையால் இழுப்பவர்களுக்கு மட்டும். விட்டால் சத்தமே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இன்னொன்று: படி கிடையாது. உருண்டைக் கைப்பிடி, அம்பு என் விரல் முட்டி மேலேயே உட்கார வேண்டும். எந்தக் கையாலும் அடிக்கலாம். விட்டதும் முழங்கை வரை உதறல்.

கந்தல் அடைத்த சாக்குதான் குறி. இருபது மீட்டர். இரண்டு வில்லிலும் அத்தனை அம்பும் சாக்குக்கு இடப்பக்கம், மணலில். காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

பிப். 4, செவ்வாய்

பால் பாக்கெட் இரண்டு. மகள் பவிக்கு ரெக்கார்ட் நோட். கேஸ் புக் பண்ணணும்.

காலை ரயிலில் நின்றுகொண்டே. இடக்கண்ணை மூடினால் ஜன்னல் கம்பி நடுவில் வளைகிறது. எதிரே இருந்த பெண்ணின் முகத்தில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் தண்ணீர் போல ஒன்று.

இங்கே எழுதலாம். தீபாவளியிலிருந்தே இப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை. பெங்களூர் கார்மெண்ட்ஸ் கம்பெனியில், தையல் சரியா என்று பார்த்துத் தள்ளும் வேலை. கண் என்று வாயைத் திறந்தால் அவ்வளவுதான்.

ஸ்கூட்டரில் பவியைக் காலேஜ் பஸ்ஸுக்கு விட்டுவிட்டுத்தான் தினமும் ஸ்டேஷன். இன்று வளைவில் ஒரு மாட்டைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். "இன்னா யோசனைல ஓட்டற?" என்றாள் பின்னாலிருந்து. ஆபீஸ் யோசனை என்றேன்.

பிப். 8, சனி

ராஜப்பாவிடம் போனேன். இரண்டு வில்லும் இடப்பக்கம் தள்ளுகிறது, சரிசெய்து கொடுங்கள் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் நீட்டி, நடுவில் ஒரு ஓட்டை விட்டு, அது வழியாகச் சுவர் காலண்டரைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இடக்கண்ணை மூடச் சொன்னார். காலண்டர் போய்விட்டது.

ஆறு வருஷத்துக்கு முன் முதல் வில் செய்யும்போது இதே சோதனை. அன்று வலக்கண்தான் குறி பார்த்தது. இப்போது இடக்கண்; அம்பு இடப்பக்கம் போவது அதனால்தான்.

"வில்லுல தப்பு இல்ல மேடம்," என்றார். "மொதல்ல டாக்டரப் பாருங்க."

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பங்காருப்பேட்டை வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். தூங்கவில்லை.

பிப். 10, திங்கள்

கோலாரில் கண் டாக்டர். லீவுக்கு வயிற்றுவலி என்று சொன்னேன்.

சொட்டு மருந்து, ஸ்கேன். வலக்கண்ணின் விழித்திரையில், சரியாக நடுவில், கசிவு. மாதம் ஒரு ஊசி போட்டால் இதற்குமேல் போகாமல் நிறுத்தப் பார்க்கலாம். போனது போனதுதான். வண்டி ஓட்டக் கூடாது.

இடக்கண்? இப்போதைக்கு நன்றாக இருக்கிறதாம். அதற்கும் வராது என்று சொல்ல முடியாதாம்.

வெளியே வெயில் கூசி ஒன்றுமே தெரியவில்லை. இது கே.ஜி.எஃப். பஸ்ஸா என்று பக்கத்தில் நின்ற பெண்ணைக் கேட்டேன். போர்டு அவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்பது போல் பார்த்தாள்.

பிப். 11, செவ்வாய்

இன்றும் லீவு. வீட்டுக்காரருக்கு முதல் ஷிஃப்ட். மூன்று மணிக்கு வந்தார். டீ கொடுத்துவிட்டுச் சொன்னேன். வலக்கண்ணை மட்டும்.

ஊசி எத்தனை, எப்போது என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்திருந்தேன்.

"தீபாவளிலருந்து தெரியும் உனக்கு."

"ம்."

"பவிய பின்னால ஏத்திக்கினு போன."

அவ்வளவுதான் சொன்னார். மாட்டைப் பற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆணியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார்.

பிப். 13, வியாழன்

இரண்டு நாளாக ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பவியை அவர் கொண்டுபோய் விடுகிறார். நான் நடந்து ஸ்டேஷனுக்கு. என்னோடு பேச்சு: உப்பு, சாவி, கரண்ட் போச்சா.

வில்:
படி வெட்டியதை வைத்துக்கொண்டு இடக்கண்ணை மூடி அடிக்கலாமா? மாடியிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் குறி பார்த்தேன். நடுவில் தொட்டியே இல்லை.
இடக்கண்ணால் குறி பார்க்க, படி இல்லாததை வலக்கையில் பிடித்து இடக்கையால் இழுக்க வேண்டும். அம்பு வைக்காமல் இழுத்துப் பார்த்தேன். பாதி வரைதான்.

ராஜப்பா போன் செய்தார். இடக்கைக்குப் படி வெட்டிப் புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்றார். நல்ல மனசு. ஆனால் இந்த ஒரு கண்ணை நம்பி வெட்டச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றேன்.

பிப். 15, சனி

படி வெட்டியதை ராஜப்பாவிடம் திருப்பிக் கொடுத்தேன். கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறீர்களா என்றார். வேண்டாம் என்றேன். துணியில் சுற்றி மேலே வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிப். 16, ஞாயிறு

காற்று இல்லை. செருப்பு மாட்டும்போது "நானும் வரேன்" என்றார் வீட்டுக்காரர். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட டம்ப் பக்கம் வந்ததில்லை. பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

பத்து தப்படியில் சாக்கை வைத்தார். வில்லைப் பூட்டி நாண் ஏற்றினேன். அவர் சாக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"இடது கண்ணுக்கும் வரலாம்னு டாக்டர் சொன்னாரு."

நிமிர்ந்து பார்க்கவில்லை. "எப்போ?"

"தெரியாது. வராமயும் போலாம்."

"இன்னும் இன்னா இருக்குது சொல்லாதது?"

மாட்டைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சாக்கின் வாயை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார். பிறகு என் பக்கம் வந்து நின்று, "சரி, அடி," என்றார்.

இடக்கையால் ஆறு அம்பு. நாண் பட்டு வலது முன்கை கன்றிவிட்டது. இரண்டு சாக்கில். மூன்று மணலில் கிடைத்தன. ஆறாவது எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் மணலைக் கிளறிக்கொண்டே நகர்ந்தார். வெயில் ஏறிவிட்டது. போனால் போகட்டும், வாங்க என்றேன்.

எழுந்து வரவில்லை; மணலைக் கிளறிக்கொண்டேயிருந்தார்.