கம்பம் நிற்கும் காணி

நோர்வூட்
தை 4

அன்பு மகன் மதுரனுக்கு, அம்மா சொல்லத் தங்கச்சி பிரேமினி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், கட்டாரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க முருகனை வேண்டுகிறோம்.

இனி நான் எழுதுகிறேன் அண்ணா. பொங்கலன்று ஜீவராஜ் அண்ணன் வந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது அவர் கையில் வெற்றிலை இல்லாததுதான். பத்து வருசமாக வானொலி நிலையத்திலிருந்து பொங்கலன்று வந்து வெற்றிலை பாக்கு வைத்து, நம் மரக்கறித் தோட்டத்தில் ஒலிபரப்புக் கம்பம் இன்னும் ஒரு வருசம் நிற்க உத்தரவு கேட்பார்கள், அப்பா இருந்தவரை அவரிடம், பிறகு அம்மாவிடம். இந்த வருசம் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜீவராஜ் அண்ணன் ஒரு தாளோடு வந்தார். நிலையத்தின் வரலாற்றை மலராகப் போடுகிறார்களாம். "சண்முகவடிவு அக்கா, செல்லசாமி அண்ணன் படம் முழுப் பக்கத்துல வருது, இதெல்லாம் உண்மைன்னு கீழ ஒரு கையெழுத்து மட்டும் வைங்க" என்றார். அப்பா பெயரைக் கேட்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் போனதும் படித்தேன். யோகேஸ்வரன் மாஸ்டர் தபால் கந்தோருக்கு மேல் ஓர் அறையில் நிலையத்தைத் தொடங்கியது, சத்தம் டவுனைத் தாண்டாதது, அப்பாவும் ஆறு பேரும் இரும்புக் குழாய்களை மலைக்குச் சுமந்தது, பிறகு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சாவுச் செய்தி காலையிலேயே நமக்குக் கேட்டது, எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி, கம்பம் நிற்கும் காணி ஆரம்பத்திலேயே நிலையத்துக்குக் கொடுக்கப்பட்டதாம். கொடுத்திருந்தால் வருசா வருசம் எதற்கு வந்து கேட்டார்கள்? மாசியில் காணியில் பயிர் செய்கிறவர்களின் பெயரைப் பதிய அதிகாரிகள் வருகிறார்கள், அப்போது இந்தத் தாளைக் காட்டினால் நம் பெயர் போய்விடும். பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்கா, "அங்க ரெக்கோடிங் ரூம் கட்டப் போறாங்களாம்டி" என்றார். அவரையும் நான் முழுதாக நம்பவில்லை, அவர் மகன் வேலை செய்வதே நிலையத்தில்தான். லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் பேசினால் ஆறு காம்பராவுக்குக் கேட்கும், அதனால்தான் குரல் பதிவு அனுப்பாமல் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், படித்ததும் அழித்துவிடுங்கள். அம்மாவுக்கு என் மேல் கோபம். "அப்பா படம் வர்றது ஒனக்குப் பொறுக்கலையா, சந்தேகம்னா ஜீவராஜ்கிட்டயே கேட்டிருக்கலாம்ல" என்கிறார். அவர் முன்னால் எனக்கு வாய் வராது, உங்களுக்குத் தெரியும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, வெள்ளிக்கிழமை மறக்காமல் போன் எடு, உனக்கு ஒரு குறையும் வராது என்று அம்மா சொல்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா சண்முகவடிவு
எழுதியது பிரேமினி

பி.கு. நாளைக் காலை ஜீவராஜ் அண்ணன் தாளை வாங்க வருவார். அந்த வரியை அடித்துவிட்டு, கம்பம் வைக்க மட்டுமே செல்லசாமி சம்மதித்தார், பயிர் செய்வது நாங்கள் என்று பக்கத்தில் எழுதினேன். அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். பிறகு கையெழுத்து வைக்கப் பேனாவைக் கொடுத்தேன்.