புது ரிங் போட்ட எஞ்சின்

மகனே,

படகுத்துறையில் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு இந்தச் சீட்டை வாசல் கதவில் செருக ஓடி வந்திருக்கிறேன். புது பிஸ்டன் ரிங் போட்ட எஞ்சினை நின்ற இடத்திலேயே ரொம்ப நேரம் உறும விடக்கூடாது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

சோறும் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன, சுடவைத்துச் சாப்பிடு. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில்.

படகை விலை பேச நீ கூட்டிவரும் ஆளிடம், படகு வெளியே போயிருக்கிறது என்று சொல். எப்போது வரும் என்று கேட்டால், "அப்பாவுக்கே ஞாபகம் இருக்காது" என்று சொல்லிவிடு. அதுதான் உனக்குப் பழகிப்போன வசனமாயிற்றே.

'அப்பா, எஞ்சினைக் குளிரவைக்கும் கடல் தண்ணீர் வால்வைத் திறக்க மறந்து அதைத் தீய்த்துவிட்டார், வயசாகிவிட்டது' என்று துறை முழுக்கச் சொன்னாய். நானும் நம்பினேன். டாக்டரிடம் நீ கைபிடித்துக் கூட்டிப்போனபோது குழந்தை மாதிரி வந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி ஓடிவந்து பார்த்தேன்.

இன்றுதான் முதல் ஓட்டம். பாரம் கொடுத்து, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் செட் ஆகும். செல்லம் கொடுத்தால் உருப்படாது. உன் விஷயத்தில் இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

ஞாபகசக்தி மாத்திரை டப்பா மேசைமேல். டாக்டரிடம் நீயே திருப்பிக் கொடு.

இன்னொன்று. எஞ்சினைப் பிரித்தபோது பக்கத்தில் யாருமில்லை, யாரிடமும் நான் சொல்லவும் இல்லை. வால்வு திறந்துதான் இருந்தது. அதற்கடுத்த குழாயில் தண்ணீர் வராதபடி சுருட்டித் திணித்திருந்தது, உன் ஆபீஸ் சட்டையிலிருந்து கிழித்த பாக்கெட். அதில் கம்பெனி பெயர் இன்னும் அழியவில்லை.

அப்பா