கால் ஊன்றும் வரை

அன்பு மகனுக்கு,

உன் அப்பா எழுதுவது. யாரையும் பிடித்து உட்கார வைத்து எழுதச் சொல்லவில்லை, நானேதான் எழுதுகிறேன். எழுத்தின் கோணலைப் பார்த்தே நம்புவாய். நான் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்க வேண்டும். உறைமேல் உள்ள இங்கிலீஷ் விலாசத்தை மட்டும் நீ அனுப்பிய பெட்டியைப் பார்த்து வரைந்தேன். எழுதவில்லை, வரைந்தேன்.

ஆயுசு முழுக்க முடி வெட்டினேன். எத்தனையோ படித்தவர்கள் என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். காகிதத்துக்கு முன்னால் நான் தலை குனிவது இப்போதுதான். எல்லாம் உன் மனைவியால் வந்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுப்பது உனக்குத் தெரியும். சாயங்காலம் நம் முன் அறையில் நடப்பது தெரியாது. வேலை முடிந்து வர நேரமாகும் பெற்றோரின் பிள்ளைகளை அவள் கையோடு கூட்டி வந்துவிடுகிறாள். கை நடுங்குகிறது என்று நான் கடையை மூடியபோது தூக்கி வந்த சுழல் நாற்காலி அங்கேதான் இருக்கிறது. இடத்தை அடைக்கிறது என்று நீ அலுத்துக்கொண்டாயே, அதுதான் இப்போது பரிசு. ஒரு வாக்கியத்தை முழுசாக எழுதிய பிள்ளைக்கு ஒரு சுற்று. சுற்றிவிடுவது என் உத்தியோகம்.

எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைகள்தான். ஆனால் எழுதச் சொன்னால் ‘பூனை சுவர்’ என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கடிக்கும். பூனைக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், அதான் எழுதிட்டேனே என்று நம்மைப் பாவமாகப் பார்க்கும். மருமகள் ஒரு தடவைகூட முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. எழுந்து நின்று சொல்லச் சொல்வாள். வாயைத் திறக்கும்போது ஒரு காலைத் தூக்க வேண்டும். சொல்ல வந்தது முடிந்தால்தான் ஊன்றலாம். ‘பூனை சுவர் மேல ஏறி’ என்றால் கால் அந்தரத்திலேயே நிற்கும். ‘ஏறி?’ என்று மற்றதுகள் கழுத்தை நீட்டும். ‘ஏறி, பக்கத்து வீட்டு மீனைத் தின்னுச்சு’ என்றதும் கால் தொப்பென்று விழும். அந்தச் சத்தம்தான் முற்றுப்புள்ளி. சொன்னதை அப்படியே போய் எழுத வேண்டும். எழுதியதைப் படிக்கும்போதும் கால் தூக்க வேண்டும். எதையாவது விட்டிருந்தால் கால் காட்டிக் கொடுத்துவிடும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்கிறேன். ‘நான் நின்றேன்’ என்பதுதான் என் முதல் வாக்கியம். தாத்தா முட்டி வலிக்குதுன்னு குட்டியா சொல்லி ஏமாத்துறாரு என்று உடனே புகார் போய்விட்டது. விசாரித்துவிட்டு, ‘எங்க நின்னீங்க மாமா, அதையும் சேர்த்துக்கோங்க’ என்று தீர்ப்புச் சொன்னாள்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். காலைத் தூக்கி நிற்கிற பிள்ளை தள்ளாடினால் கை கொடுக்கலாம், வார்த்தை கொடுக்கக் கூடாது. அதை மீறியவன் நான். என் தொழில் உனக்குத் தெரியும். கத்திரி ஓடும்போது வாயும் ஓடும். நாற்காலியில் உட்கார்ந்தவர் பாதி சொன்னால் மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். அதே பழக்கத்தில் ஒரு நாள் வாயை விட்டுவிட்டேன். சிட்டு என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பெண் பிள்ளை உண்டு. நிறையப் பேசாது. ‘எங்க அப்பா நேத்து வந்து’ என்று ஆரம்பித்துக் காலைத் தூக்கியபடி நின்றது. மருமகள் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு ஆளாக இருந்தால் பத்து வார்த்தை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். இவள் வாயே திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ‘முத்தம் குடுத்தாரு’ என்றேன். பிள்ளை காலை ஊன்றிவிட்டு, நான் சொன்னதை எழுதிக் கொண்டு வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. நான் சுற்றிவிடப் போனபோது மருமகள், ‘மாமா, அது உங்க வாக்கியம். அவளோடது இன்னும் வரல’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் சிட்டு தானாகவே எழுந்து நின்றது. ‘எங்க அப்பா நேத்து வந்து, நான் தூங்கிட்டேன்னு நினைச்சு, என் காலைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு’ என்று சொல்லிக் காலை ஊன்றியது. மூச்சு வாங்கியபடியே அத்தனையையும் எழுதியது. இப்படி ஒன்று அதற்குள் இருந்திருக்கிறது, நான் அதை முத்தத்தால் மூடப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியைக் கணக்கில்லாமல் சுற்றினேன்.

இப்போது உன் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது மருமகள் ஃபோனை அடுப்பு மேடையில் வைத்து, சத்தமாகப் போட்டுப் பேசினாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. அங்கே வீடு பார்த்துவிட்டேன், மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்றாய். உனக்கு அவள் மேல் எவ்வளவு பிரியம் என்று உன் குரலே சொன்னது. அவள், ‘நான் என்ன நினைக்கிறேன்னா’ என்று ஆரம்பித்தாள். ‘தெரியும், அப்பாவை யாரு பாத்துக்கிறதுன்னுதானே’ என்று நீ முடித்து வைத்தாய். அதற்கு ஆள் ஏற்பாடும் சொன்னாய். அவள் ‘ம்’ என்றாள். பிறகு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

மகனே, அது உன் வாக்கியம். அவளோடது இன்னும் வரவில்லை.

அது என்னவென்று எனக்கும் தெரியாது. சந்தோஷமாக வருகிறேன் என்றே அவள் சொல்லலாம். அப்படியானால் பெட்டி கட்ட நானே கூடமாட உதவுவேன். என்னைக் கணக்கில் வைக்காதே, எனக்குச் சமைக்கத் தெரியும். வேறு எதுவாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நீ. அவள் சொல்லத் தொடங்கியதும் மட்டும் நீ பேசாதே. ஃபோனில் ஒன்றும் கேட்கவில்லையே, லைன் போய்விட்டதோ என்று நினைக்காதே. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் அப்படித்தான் காத்து நிற்கிறாள்.

இதை அவளிடம் காட்டவில்லை. தப்பிருந்தால் நீயே திருத்திக்கொள். எழுதி முடித்ததும் சுவரைப் பிடித்து நின்று முழுசாகப் படித்துப் பார்த்தேன். என்னுடையதெல்லாம் ஒருவழியாக ஊன்றிவிட்டது.

நீங்கள் இருவரும் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் கூப்பிடு. அவள் இன்னும் காலைத் தூக்கியபடிதான் நிற்கிறாள்.

உன் அப்பா