பாறைக்கு முன்னால ஒரு மண்மேடு

ஏங்க,

என் லீவை ரத்து பண்ணிட்டாங்க. அஸ்ஸாம்ல எங்க படை கேம்ப்ல இருந்து காலையில போன் வந்தது. நீங்க கலசப்பாக்கம் போயிருக்கீங்க, உங்க போனும் கெடைக்கல. இந்த பஸ்ஸை விட்டா ரயிலைப் புடிக்க முடியாது. அதான் எழுதிக் கதவுல சொருகிட்டுப் போறேன்.

நேத்து நீங்க சுட்டுப் பழகுறப்ப நான் கத்தினேன்னு சாப்புடாம படுத்தீங்க. "இப்ப இன்னா ஆயிடுச்சு, பாறைதான் தடுக்குதே"ன்னீங்க. பாறை குண்டைத் தடுக்காதுங்க, வேற பக்கம் திருப்பிவுடும். நேத்து அப்படித்தான் பக்கத்து வூட்டு சசிகலா அக்கா தலைக்கு மேல உய்யுன்னு போச்சு. போட்டிக்கு சுடுற சின்ன குண்டுதான், ஆனா ஒரு மைலுக்கு மேல போகும். கீழ வழியில ஜனங்க நடக்குறாங்க.

குண்டு மண்ணுல பொதைஞ்சு நிக்கட்டும்னு, நீங்க கெளம்பினதும் பாறைக்கு முன்னால மண்ணு போட ஆரம்பிச்சேன். மண்ணுல கெடந்த கல்லெல்லாம் பொறுக்கிட்டேன், அதுல பட்டாலும் குண்டு திரும்பும். இடுப்பு ஒசரம் வந்திருக்கு. உங்க தலைக்கு மேல ஒசரணும், அகலமும் வேணும். அதுவரைக்கும் துப்பாக்கியை எடுக்காதீங்க.

சாமைச் சோறும் கொள்ளுக் கொழம்பும் மூடி வெச்சிருக்கேன். வூட்டுச் சாவி சசிகலா அக்காகிட்ட இருக்கு. வாங்கும்போது அவங்ககிட்ட மன்னிப்பு கேளுங்க.

நீங்க மூச்சை அடக்கிக் குறி பாக்கும்போது பின்னால நின்னு உங்களையே பாத்துட்டிருப்பேன். அதை இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னுதான் வந்தேன்.

ரெபேக்கா

பஸ் வந்துடுச்சு. டிரைவர் பக்கத்து சன்னல்ல உக்காருவேன். எதிர்ல உங்க வண்டி வந்தா ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி எறங்கிப் பாத்துடுவேன்.